வெங்காய வேலையும் உப்பு வேலையும்

அடியே,

இன்று காலையில் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போயிருந்தேன். மகளுக்குத் தேர்வு முடிவு பார்க்க வேண்டியிருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளியதும் அந்த வாசம் மூக்கில் ஏறியது. குளிர்ந்த தூசி, சூடேறிய வயர், காலையில் துடைத்த பினாயில், மூன்றும் கலந்த வாசம். நான் என்ன செய்தேன் தெரியுமா? அப்படியே திரும்பி வெளியே போய், செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி உள்ளே வந்தேன். மேசையில் உட்கார்ந்திருந்த பெண் சிரித்துவிட்டாள்.

"செருப்போட வரலாம்க்கா. இது என்ன கோயிலா?"

"எங்க காலத்துல கோயிலாத்தேன் இருந்துச்சு" என்றேன்.

கல்லூரியில் உன் கம்ப்யூட்டர் அறை அப்படித்தானே இருந்தது. வாசலில் இருபது ஜோடி செருப்பு. உள்ளே இருபது மெஷின், ஒவ்வொன்றுக்கும் தைத்த உறை. கேன்டீனிலிருந்து டீ கொண்டுவரும் என்னை நீ வாசலோடு நிறுத்திவிடுவாய். டீயின் ஆவி பட்டால் ஆகாது என்பாய். "ஏண்டி, அதுக்கென்ன ஜலதோஷமா பிடிக்கும்?" என்று நான் கேட்டதற்கு நீ சொன்ன பதில் இன்றுவரை எனக்குப் புரியவில்லை. உனக்கும் புரியாமல்தான் சொன்னாய் என்பது என் நெடுநாள் சந்தேகம்.

நீ போய் நாலு வருடம் ஆகிறது. அழுகாச்சி மடல் எழுத மாட்டேன். அழுதால் என் முகம் வேகாத கத்தரிக்காய் மாதிரி ஆகிவிடும் என்று நீயே சொல்லியிருக்கிறாய். நாம் ஜெயித்த கதையைத்தான் எழுதப் போகிறேன்.

ஐந்தாம் வகுப்புவரை நாம் ஒரே பெஞ்சு. அதோடு நான் நின்றுவிட்டேன், நீ போய்க்கொண்டே இருந்தாய். தொண்ணூறுகளில் நான் கல்லூரிக் கேன்டீனில் சமையலுக்குச் சேர்ந்தபோது, கஞ்சி போட்ட காட்டன் சேலையும் கையில் பைலுமாக ஒரு அம்மா வந்து நின்றாள். "டீச்சரம்மாவுக்கு என்ன வேணும்?" என்று பணிவாகக் கேட்டேன். அந்த அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள்.

"ஏடி அந்தோணி, என் பென்சிலைத் திருப்பிக் குடு."

இருபத்தைந்து வருடம் கழித்துக் கேட்ட முதல் வார்த்தை அது. அன்றிலிருந்து மத்தியானச் சோறு உனக்கு என்னோடுதான். அடுப்படிக்குப் பின்னால் இருந்த கல்மேசையில் உட்கார்ந்து, நான் தொட்டுக்கொள்ள வைத்த வெஞ்சனத்தைப் பாதி தின்றுகொண்டே உன் ஆராய்ச்சியைச் சொல்லுவாய். கல்லூரியில் அதைக் கேட்க வேறு ஆள் கிடையாது. நானும் சோறு போட்ட பாவத்துக்குத்தான் கேட்டேன்.

"ஒருங்கிணைப்பு மொழின்னு பேருடி" என்றாய். "கணக்குப் போடுறதுக்கு வேற மொழி இருக்கு. இது வேலை செய்றதுக்கு இல்ல. வேலை செய்றவங்களுக்கு நடுவுல இருக்கிற மொழி."

"வேலை செய்யாது, வேலை செய்றவங்களுக்கு நடுவுல பேசிக்கிட்டே இருக்கும். அப்ப இது எங்க மாமியார் மொழி."

நீ சிரிக்கவில்லை. ஆராய்ச்சி விஷயத்தில் மட்டும் உனக்குச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வரும். ஒரு மெஷினுக்கு இன்னொரு மெஷினைத் தெரியாது என்றாய். எது எப்போது வரும், எது எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. யாரும் யாருக்கும் உத்தரவு போட முடியாது. நடுவில் ஒரு பொது இடம் மட்டும் இருக்கும். வேலையைச் சீட்டு மாதிரி அங்கே வைக்கலாம், பார்க்கலாம், எடுக்கலாம். "மூணே வார்த்தைதேன். வை, பாரு, எடு. இதை வச்சு எம்புட்டுப் பெரிய வேலையையும் ஊருபட்ட மெஷினுக்குப் பிரிச்சுக் குடுத்திரலாம்."

"மூணு எதுக்கு? எங்க வீட்டுக்காரரு ஒரே வார்த்தையில குடும்பம் நடத்துறாரு. சோத்த வை."

அப்போதுதான் சிரித்தாய். சிரித்து முடித்ததும் உன் முகம் வாடிப்போனது. ஏன் என்று கேட்டேன். என்னைக் கூட்டிக்கொண்டுபோய், செருப்பைக் கழற்றவைத்து, முதல் முறையாக உள்ளே விட்டாய்.

மலைக்கோட்டையின் போட்டோ ஒன்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, நூறு கட்டமாக வெட்டி வைத்திருந்தாய். மங்கிய படம். ஒவ்வொரு மெஷினும் பொது இடத்திலிருந்து ஒரு கட்டத்தை எடுக்கும், துலக்கும், திருப்பி வைக்கும், அடுத்ததை எடுக்கும். பெரிய திரையில் பாறை துண்டு துண்டாகப் பளிச்சென்று எழும்பி வந்தது. மெய்சிலிர்த்துப் போனேன். அப்புறம் நீ ஒரு மெஷினின் சுவிட்சை அணைத்தாய். படம் முடிந்தபோது பாறையின் நடுவயிற்றில் கறுப்பாக ஒரு கட்டம் அப்படியே நின்றது.

"எடுத்துட்டுப் போன மெஷினு செத்துப் போச்சு. சீட்டும் அதோட போச்சு. அந்த வேலை பாக்கி இருக்குன்னே இனி யாருக்கும் தெரியாது."

"சரி, இதனால என்ன கெட்டுப்போச்சு?"

"ஆராய்ச்சிக்கு இருக்கிற கைடு என் ஆய்வேட்டை ரெண்டு தடவ திருப்பி அனுப்பிட்டாரு. நான் இங்க தற்காலிகம்டி. அடுத்த வருசத்துக்குள்ள பட்டம் வாங்கலேன்னா வேலை கிடையாதுன்னு நிர்வாகத்துல எழுதியே குடுத்துட்டாக."

அந்தக் கறுப்புக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னாய். எனக்கு வேறு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எங்க ஊர்ச் சவேரியார் கோயில் திருவிழா, அசனச் சாப்பாட்டுக்கு வாடி என்றேன்.

குஜிலியம்பாறை போகும் சாலையில், பஸ்ஸை விட்டு இறங்கினால் கோயில் கொடிமரம் தெரியும் எங்க ஊர். அசனத்துக்கு ஊர்க்காரர்கள் நேர்ந்துகொண்ட ஆடு, கோழி, அரிசி, வெங்காயம் எல்லாம் வந்து குவியும். கொடைரோட்டிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் சொந்தபந்தம் வந்து இறங்கும். வந்தவர்களெல்லாம் வேலை செய்வார்கள். கூலியாள் ஒருவர் கிடையாது. அதனால் யாரையும் அதட்ட முடியாது. சமையல் பொறுப்பு என்று எனக்குப் பெயர்தானே தவிர, ஒரு ஆளைப் பிடித்து நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. செத்த நேரம் உரிப்பார்கள், தேர் பார்க்கப் போவார்கள், சாப்பாட்டு நேரத்துக்கு வருவார்கள்.

நீ பந்தலுக்குள் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாய். பெரிய சமுக்காளத்தில் வரிசையாகச் சின்ன வெங்காயக் கூடைகள். கூடைகளுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாகத் துண்டு, கைக்குட்டை, ஒரு கிழவரின் தலைப்பாகை.

"இது என்னடி, கூடைக்கு நடுவுல துண்டு?"

"கூடைய எடுக்கிற ஆளு அந்த இடத்துல துண்டைப் போட்டுட்டுப் போகணும். உரிச்சுக் கொண்டாந்து குடுத்துட்டுத் துண்டை எடுத்துக்கணும்."

முன்பு ஒரு வருடம் இரண்டு கூடை வெங்காயத்தை யாரோ எடுத்துக்கொண்டுபோய், தேர் பார்க்கிற சுவாரசியத்தில் கோயிலுக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தாளிக்கும்போதுதான் வெங்காயம் பத்தவில்லை என்று தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த வழக்கம் இது.

"ஆளு வரவே இல்லேன்னா?"

"ஒரு ஜெபமாலை சொல்ற நேரம் பாப்போம். வரலேன்னா துண்டைத் தூக்கிக் கொடியில போட்டுட்டு, அதே இடத்துல வேற கூடைய வச்சிருவோம். வேற ஆளு எடுத்துக்கும்."

"ஒரு ஜெபமாலைன்னா எம்புட்டு நேரம்?"

"பக்தியா சொன்னா இருபது நிமிசம். பசியோட சொன்னா பத்து."

நீ அந்தச் சமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாய். மணிக்கணக்கில் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். எங்க அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பிள்ளைக்கு ஏதும் மனசு சரியில்லையா ஆத்தா?" என்று விசாரித்தது. "அதுக்குப் படிப்பு சாஸ்தி அத்தை" என்றேன். "அதுதானே பார்த்தேன்" என்று அத்தை சமாதானமாகிவிட்டது.

இவ்வளவும் கவனித்த மகராசி, எழுந்து வந்து ஒரு காரியம் செய்தாய். நாமும் உதவி செய்வோம் என்று மூன்றாவது அண்டாவில் இரண்டு கை நிறையக் கல் உப்பை அள்ளிப் போட்டாய். உனக்கு முன்னால் இரண்டு பேர் அதே நல்லெண்ணத்தோடு அதே அண்டாவில் போட்டிருந்தார்கள். குழம்பைக் கடல்தண்ணீராக ஆக்கிவிட்டீர்கள். பிரித்து இரண்டு அண்டாவாக்கி, உருளைக்கிழங்கும் பருப்பும் கொட்டி, நான் பட்ட பாடு எனக்கும் சவேரியாருக்கும்தான் தெரியும். குடம் குடமாக ஊற்றி ஓய்ந்துபோன தண்ணீர்ப் பந்தல்காரர்கள் உன்னைத் தேடினார்கள். நான் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்கு ஒரு நாள் காட்டிக்கொடுக்காததற்கு வட்டியும் முதலுமாக வருடக்கணக்கில் உன்னைக் கேலி செய்தேன், அது வேறு.

அதற்கப்புறம் எங்க ஊரில் ஒரு சட்டம் வந்தது. உப்புப் போட்ட கையோடு அண்டாவின் காதில் ஒரு கறிவேப்பிலைக் கொத்தைச் செருகிவிட வேண்டும். கொத்து இருந்தால் உப்புப் பக்கம் யாரும் போகக்கூடாது. உன் பேரால் எங்க ஊரில் இருக்கிற ஒரே சட்டம்.

நீ அந்தத் துண்டு யோசனையை மட்டும் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு போனாய். இனிமேல் ஒரு மெஷின் கட்டத்தை எடுத்தால், எடுத்த இடத்தில் தன் அடையாளத்தை வைத்துவிட்டுப் போக வேண்டும். குறித்த நேரத்துக்குள் திரும்பாவிட்டால் அடையாளம் தூக்கி எறியப்படும், அதே கட்டம் மறுபடி பொது இடத்துக்கு வரும். ஆறு மாதம் உட்கார்ந்து எழுதினாய். ஒரு மத்தியானம் கல்மேசைக்கு ஓடிவந்து, என் கையில் இருந்த கரண்டியைப் பிடுங்கிவிட்டு இழுத்துக்கொண்டு போனாய். சுவிட்சை அணைத்துக் காட்டினாய். கறுப்புக் கட்டம் விழுந்தது. குறித்த நேரம் ஓடியது. கட்டம் பளிச்சென்று நிரம்பியது. மலைக்கோட்டை முழுசாக நின்றது. திரும்பி வந்து பார்த்தால் என் ரசம் பொங்கி அடுப்பே அணைந்திருந்தது.

அப்புறம் அந்தக் கடைசி வாய்மொழித் தேர்வு. வைவா. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம், அதுதான் அதன் முறை என்றாய். "நீயும் வாடி, டீயோட வா" என்றாய். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஒல்லியான மனுசர். சபாரி சட்டை, சிரிக்காத முகம். நிர்வாகத்திலிருந்து இரண்டு பேர், உன் கைடு, கொஞ்சம் மாணவர்கள். நான் கடைசியில் சுவரோரம் டீத் தட்டோடு நின்றேன். அன்று ஆவியைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லை. வேறு பயம் இருந்தது உனக்கு.

நன்றாகத்தான் பேசினாய். படம் ஓடியது. தேர்வாளர் எழுந்துபோய் ஏழாவது மெஷினை அணைக்கவில்லை, அதன் கேபிளை மட்டும் உருவினார். மெஷின் உயிரோடுதான் இருந்தது. ஆனால் மற்றவற்றுக்கு அது செத்த மாதிரி. கறுப்புக் கட்டம் விழுந்தது. நேரம் கடந்தது. வேறு மெஷின் எடுத்தது. படம் முழுசானது. மாணவர்கள் கை தட்டினார்கள்.

அவர் கேபிளைத் திரும்பச் செருகினார். ஏழாவது மெஷின் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து, தான் முடித்து வைத்திருந்த அதே கட்டத்தைச் சமர்ப்பித்தது. படத்தில் மாற்றம் இல்லை. ஆனால் திரையின் அடியில் ஒரு வரி ஓடிக்கொண்டிருந்ததே, முடிந்த கட்டங்கள் இத்தனை என்று. அது நூற்று ஒன்று என்று காட்டியது.

"நூறு கட்டம்தானம்மா வெட்டினீங்க?" என்றார்.

"ஆமா சார்."

"நூத்தியொண்ணு எப்படி முடிஞ்சுது?"

உன் கைடு பைலைப் புரட்ட ஆரம்பித்தார். நிர்வாகத்துக்காரர்களில் ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். அந்த ஒரு எண்ணில் உன் வேலை, ஐந்து வருட உழைப்பு எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. நீ திரையையே பார்த்தாய். காரணம் உன் கண் முன்னால் இருந்தது, ஆனால் பயத்தில் உனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

"சார், நான் ஒண்ணு கேக்கலாமா?"

அவர் திரும்பினார். "நீங்க யாரும்மா?"

"கேன்டீன்ல சமையல் பாக்குறேன் சார்."

கைடு இருமினார். தேர்வாளர் கையைக் காட்டி அவரை அமர்த்தினார். "கேளுங்க. கேக்கத்தானே வந்திருக்கோம்."

உன்னை மேடம் என்று கூப்பிட வேண்டும் என்று அந்த நேரத்திலும் எனக்கு ஞாபகம் இருந்தது. "மேடம், ஒரே கட்டத்தை ரெண்டு மெஷினு துலக்கிக் குடுத்தாலும் படம் கெடல. அது வெங்காயம். ரெண்டு பேரு உரிச்சா ஒண்ணும் குடிமுழுகிறாது. ஆனா கீழ ஒண்ணு ஒண்ணாக் கூட்டிக்கிட்டே போகுதே, அது உப்புல்ல? அதைக் கொத்தைப் பாக்காம எப்படி மேடம் போடுவாக?"

நீ என்னைப் பார்த்தாய். ஒரு நொடிதான். அப்புறம் உன் உதடு ஓரமாகக் கோணியது. என் கேலிக்குப் பதில் கேலி கிடைத்துவிட்டால் வருமே, அந்தக் கோணல். சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் இரண்டு வார்த்தை எழுதினாய். வெங்காயம். உப்பு.

"சார், மெஷின்கள் இஷ்டம்போல் வந்து போகும் திறந்த அமைப்பில் ஒரு மெஷின் செத்துவிட்டதா, தாமதமாகிறதா என்று வெளியிலிருந்து யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் ஒரு வேலை இரண்டு முறை நடக்கத்தான் செய்யும். இரண்டு முறை செய்தாலும் ஒரு முறை செய்த பலனே வந்தால் பயமில்லை. அது வெங்காயம். இரண்டாவது முறை பலனை மாற்றிவிடும் என்றால் அது உப்பு. உப்பு வேலைக்கு முன்னால் அடையாளத்தைப் பார்க்க வேண்டும். பார்ப்பதும் போடுவதும் அடையாளம் வைப்பதும் நடுவில் இன்னொருவர் புகாதபடி ஒரே மூச்சில் நடக்க வேண்டும். நான் வெங்காயத்தை மட்டும் காப்பாற்றினேன். எண்ணிக்கையை விட்டுவிட்டேன். என் தவறு."

தேர்வாளர் கரும்பலகையைப் படித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம் சார்."

"இந்த டீயை முடிக்கிறவரைக்கும் நேரம் தாரேன்."

நீ விசைப்பலகைக்குப் பாய்ந்தாய். நான் தட்டோடு முன்னால் வந்தேன். இருந்ததிலேயே பெரிய டம்ளர், இருந்ததிலேயே சூடான டீ, தளும்பத் தளும்ப. "சூடா இருக்கு சார், மெதுவாக் குடிங்க" என்றேன். அவர் என்னையும் டம்ளரையும் பார்த்தார். அந்தச் சிரிக்காத முகம் லேசாக இளகியது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுசர் ஊதி ஊதிக் குடித்தார். குடித்து முடித்து, "இன்னொண்ணு கிடைக்குமா?" என்று கேட்டாரே, அதற்காக அவருக்கு இன்றைக்கும் என் ஜெபத்தில் இடம் உண்டு.

இரண்டாவது டம்ளர் பாதியில் இருக்கும்போது நீ எழுந்தாய். மறுபடி ஓட்டினாய். அவர் ஒரு கேபிளை உருவினார். அப்புறம் இன்னொன்று. அப்புறம் மூன்று சேர்த்து. எல்லாவற்றையும் திரும்பச் செருகினார். போன மெஷின்களெல்லாம் வரிசையாக வந்து தாமதக் கட்டங்களைச் சமர்ப்பித்தன. மலைக்கோட்டை கல்லாக நின்றது. அடியில் நூறு. மறுபடி உருவினார், செருகினார். நூறு. ஒரு மெஷினை அணைத்தே போட்டார். நூறு. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு, "போதும் டாக்டர்" என்றார்.

அந்த அறையில் எழுந்த கைதட்டலுக்கு இருபது மெஷினும் அதிர்ந்திருக்கும். நிர்வாகத்துக்காரர்கள் இருவரும் எழுந்து நின்று தட்டினார்கள். அடுத்த மாதமே உன் வேலை நிரந்தரமானது.

எல்லோரும் போன பிறகு கல்மேசையில் வந்து உட்கார்ந்தாய். நன்றி சொல்லுவாய் என்று காத்திருந்தேன். ஆறிப்போன போண்டாவைக் கடித்துக்கொண்டே, "கேக்குறதுக்குப் படிப்பு வேணாம்டி. நல்லாப் பாத்திருந்தாப் போதும்" என்றாய். "நீ இம்புட்டு நாளும் அடுப்படியில நின்னு கேலி பேசியே வீணாக்கிட்ட."

"உப்பு அள்ளிப் போட்டவ எனக்குப் புத்தி சொல்லாத" என்றேன்.

அதற்கப்புறம் எட்டு வருடம். எத்தனை பேருக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தாய். ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் வெங்காயம், உப்பு என்று எழுதித்தான் தொடங்குவாய் என்று கேன்டீனுக்கு வரும் பிள்ளைகள் சொல்லுவார்கள். பிறகு அந்த நோய் வந்தது. மூன்று மாதத்தில் முடித்துவிட்டது. ஆஸ்பத்திரிக் கஞ்சியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல மட்டும் ஒருத்தரும் உப்புப் போடலடி" என்றாய். நானும் சிரித்தேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத மாட்டேன்.

போன மாதம் எங்க ஊரில் குடிதண்ணீர்க் கூட்டம். புதுத் தொட்டி கட்டுகிறார்கள். மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் ஆளுக்கொரு வால்வு, மோட்டார் மட்டும் பொது, யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் போட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருந்த பொறியாளர் கரும்பலகையில் எழுதி விளக்கினார். ஏதாவது சந்தேகம் உண்டா என்றார். பஞ்சாயத்துக்காரர்கள் தலையாட்டத் தயாராகிவிட்டார்கள்.

நான் எழுந்தேன். "சார், மேலத்தெரு ஆளு மோட்டாரைப் போட்டுட்டு, வால்வைத் திறக்கப் போற வழியில நின்னு பேசிக்கிட்டு இருந்தா, கீழத்தெருக்காரனுக்கு அது எப்படித் தெரியும்? மோட்டாரு ஓடுதேன்னு அவன் தன் வால்வைத் திறந்துட்டா, தண்ணி யாருக்கு?"

"ஏ அந்தோணி, உக்காரு" என்று பின்னால் ஒரு குரல் வந்தது.

நான் உட்காரவில்லை. பொறியாளர் நெற்றியைச் சொறிந்தார். "எனக்குச் சரியாப் புரியலம்மா. நீங்க வந்து வரைஞ்சு காட்டுறீங்களா?" என்று சாக்பீஸை நீட்டினார்.

ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு என் கையை நோக்கி வந்த முதல் சாக்பீஸ். முன்னால் போய் வாங்கிக்கொண்டேன். முதலில் தொட்டியை வரைந்தேன். வட்டம் வரவில்லை, கோழிமுட்டையாக வந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேனடி.